‘மன்னா’ என்று கூப்பிட்டால் நாடகமே கெட்டுப்போகும்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து ஜூலியஸ் சீசர் கொலையை 20 நிமிட நாடகமாகப் போடுகிறோம். வசனம் நானே எழுதுகிறேன். உடை, மேடை அமைப்பு, வணக்கம் சொல்லும் முறை, விருந்துக் காட்சி இவற்றில் என்ன கவனிக்க வேண்டும்? ‘நம்ம ஊர் மிளகு வியாபாரி ஒருத்தரையும் உள்ளே கொண்டு வாங்க’ என்கிறார் தலைமையாசிரியர். அது பொருந்துமா? முதல் காட்சியின் வசனத்தை இணைத்திருக்கிறேன். (ஒரு தமிழாசிரியை)

பதில்: டீச்சர், நீங்கள் அனுப்பிய வசனத்தின் முதல் வரி ‘மன்னா, தங்கள் வருகைக்காக அவை காத்திருக்கிறது.’ மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இந்த ‘மன்னா’வை அடித்துவிடுங்கள். ராஜா நாடகம் பார்த்துப் பழகிய நமக்கு அது தானாக வாயில் வந்துவிடும். ஆனால் சீசர் குத்துப்பட்டதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

ரோமானியர்கள் தங்கள் கடைசி அரசனைக் கி.மு. 509-ல் விரட்டியதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. அதிலிருந்து ‘ரெக்ஸ்’, அதாவது அரசன் என்ற சொல் அங்கே ஏறக்குறைய ஒரு வசவு. சீசர் வகித்த பதவி சர்வாதிகாரி. நெருக்கடி வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுக்கிற பழைய ஏற்பாடு அது. கி.மு. 44 பிப்ரவரியில் அதை ஆயுள் முழுவதற்கும் என்று மாற்றிக்கொண்டார். அந்த மாதம் 15-ம் தேதி லூப்பர்கேலியா திருவிழாவில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய நெருங்கிய ஆதரவாளர் மார்க் ஆண்டனி அவர் தலையில் முடி சூட்டப் போனார். சீசர் மறுத்தார். கூட்டம் கைதட்டியது அவர் மறுத்ததற்குத்தான். இந்தக் காட்சியை வைப்பதாக இருந்தால் தங்கக் கிரீடம் செய்ய வேண்டாம். அந்தக் காலத்து ராஜமுடி என்பது நெற்றியில் கட்டும் வெள்ளைத் துணிப்பட்டை, அவ்வளவுதான்.

கொலை ஏன் சரியாக மார்ச் 15-ல் என்று மாணவர்கள் கேட்பார்கள். மார்ச் 18-ல் சீசர், பாரசீகப் பகுதியை ஆண்ட பார்த்தியர் மீது படையெடுத்துக் கிளம்புவதாக இருந்தது. கி.மு. 53-ல் ரோமானியத் தளபதி கிராசஸின் படையை அழித்தவர்கள் அந்தப் பார்த்தியர்கள். சீசர் படையோடு சேர்ந்துவிட்டால் யாரும் அவரை நெருங்க முடியாது. இதற்கு மேல் ஒரு வதந்தி வேறு. பார்த்தியரை ஓர் அரசனால்தான் வெல்ல முடியும் என்று குறிசொல்லும் நூலில் இருப்பதால், சீசருக்கு அரசர் பட்டம் தரும் தீர்மானம் 15-ம் தேதி நடக்கும் செனட் (ரோமின் ஆட்சி மன்றம்) கூட்டத்திலேயே வரப்போகிறது என்றார்கள். புரூட்டஸ், காசியஸ் தலைமையில் சதியில் சேர்ந்திருந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவசரப்படுத்தியது இதுதான். உங்கள் முதல் காட்சிக்கு இந்த வதந்தியே போதும். தூணோரத்தில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் கதை நகர்ந்துவிடும்.

எல்லாரும் அவரைக் கூப்பிடுவது ‘சீசர்’ என்று மட்டும்தான். ‘பேரரசே’, ‘பிரபு’ எதுவும் வேண்டாம். ரோமின் முதல் பேரரசர் அவருக்குப் பிறகு வந்த அகஸ்டஸ். தமிழில் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நெருடும்தான். ‘சீசர், நீங்கள்’ என்று எழுதிப் பாருங்கள், சரியாகிவிடும்.

வணக்கம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வலது கையை விறைப்பாக முன்னால் நீட்டுவதை ‘ரோமானிய வணக்கம்’ என்று சினிமாவில் காட்டுவார்கள். பழைய ரோமில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. 1784-ல் பிரெஞ்சு ஓவியர் டாவிட் வரைந்த ஒரு படத்தில் மூன்று சகோதரர்கள் கை நீட்டிச் சபதம் செய்வார்கள். அங்கே பிடித்து நாடகம், சினிமா என்று பரவி, முசோலினியிடம் போய், கடைசியில் ஹிட்லரின் வணக்கமாக நின்றது. பள்ளி மேடையில் பிள்ளைகள் அதைச் செய்து, யாராவது போட்டோ எடுத்துப் போட்டால் உங்களுக்குத்தான் தலைவலி. கைகுலுக்கட்டும், இல்லை கன்னத்தில் முத்தமிடுவதுபோல் குனியட்டும். இரண்டுமே ரோமில் உண்டு.

உடைக்கு வருவோம். ரோமானிய ஆண்கள் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் மேலாடைதான் டோகா. டோகா என்றதும் படுக்கை விரிப்பைச் சுற்றி ஊக்கு குத்திவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு கல்லூரி நாடகத்தில் புரூட்டஸ் முக்கியமான வசனத்தின் நடுவே விரிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அசல் டோகா கம்பளித் துணி. நீள்சதுரம் இல்லை, அரைவட்டம் மாதிரி இருக்கும். உங்களுக்கு எட்டு முழப் பருத்தி வேட்டி போதும், ஜரிகைக் கரை மட்டும் இருக்கக் கூடாது. கீழ் மூலைகள் இரண்டையும் உள்பக்கம் வளைவாக மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள், விழா முடிந்ததும் பிரித்துவிடலாம். பாலியஸ்டர் வேண்டாம், வழுக்கும். ஒரு நுனி இடது தோளிலிருந்து முன்பக்கமாகக் கணுக்கால் வரை தொங்க வேண்டும். மீதித் துணியை முதுகு வழியாகக் கொண்டுவந்து, வலது அக்குளுக்குக் கீழே விட்டு, மார்புக்குக் குறுக்கே இழுத்து, மறுபடி இடது தோளுக்கு மேல் பின்னால் போடுங்கள். உள்ளே முழங்கால் வரை ஒரு தொளதொளச் சட்டை. இடது கை மடங்கித் துணியைத் தாங்கிக்கொண்டே இருக்கும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே கட்டிப் பழகட்டும், அப்போதுதான் நடையே மாறும்.

சாதாரண செனட்டருக்கு டோகா முழு வெள்ளை. உள்சட்டையில்தான் அகலமான ஊதாக் கோடு. அந்த ஆண்டு புரூட்டஸும் காசியஸும் பிரீட்டர் (நீதி நிர்வாக அதிகாரி) பதவியில் இருந்தார்கள், ஆண்டனி கான்சல் (ஆண்டுதோறும் மாறும் உயர் ஆட்சிப் பதவி). ஆகவே இந்த மூவரின் டோகாவுக்கும் ஊதா ஓரம் உண்டு. சீசருக்கு முழு ஊதா அணியும் உரிமையே இருந்தது. ஜவுளிக்கடையில் ‘ஊதா’ என்று கேட்டால் கத்தரிப்பூ நிறத்தை எடுத்துப் போடுவார்கள், வாங்கிவிடாதீர்கள். கடல் நத்தையிலிருந்து எடுத்த அந்தச் சாயத்தில் உயர்ந்த ரகம் உறைந்த ரத்தத்தின் நிறம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அடர்ந்த அரக்கு கிட்டத்தட்ட ஒத்துவரும். ஒட்டுத் தாடியும் வேண்டாம், அந்தத் தலைமுறை ரோமானியர்கள் மழமழவென்று சவரம் செய்தவர்கள். தாடி நாகரிகமானது 150 ஆண்டுகள் கழித்து, பேரரசர் ஹாட்ரியன் காலத்தில். சீசருக்கு வழுக்கை. பின்முடியை முன்னால் வாரிவிட்டுக்கொள்வார். எப்போதும் வாகை இலை மாலை சூடிக்கொள்ளும் உரிமை கிடைத்தபோது அவருக்கு அதில் தனி சந்தோஷமாம்!

மேடையில் சிம்மாசனம் வைக்காதீர்கள். தங்க நிறம் பூசிய, முதுகு சாயாத ஒரு இருக்கை சீசருக்கு. மற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பெஞ்சுகள், அவை உங்கள் வகுப்பறையிலேயே இருக்கின்றன. ஓட்டெடுப்பு வந்தால் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். யார் கருத்தை ஆதரிக்கிறார்களோ அவர் பக்கம் நடந்து போய் நிற்பதுதான் செனட் வழக்கம், மேடையில் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஈட்டியோடு நிற்கும் காவலர்களையும் எடுத்துவிடுங்கள். தன் ஸ்பானிய மெய்க்காவலர்களைச் சீசரே கலைத்துவிட்டிருந்தார்; கொலை நடக்க முடிந்ததே அதனால்தான்.

கொலை நடந்தது வழக்கமான செனட் கட்டடத்தில் இல்லை. அது கி.மு. 52-ல் ஒரு கலவரத்தில் எரிந்துபோனது. அன்றைய கூட்டம் பாம்பி கட்டிய நாடக அரங்கை ஒட்டிய மண்டபத்தில். பாம்பி சீசரின் மருமகனாக இருந்து பிறகு எதிரியாகித் தோற்றவர். அவருடைய சிலையின் காலடியில்தான் சீசர் விழுந்தார். அதனால் அந்தச் சிலை மேடையில் கட்டாயம் வேண்டும். அசையாமல் நிற்கத் தெரிந்த ஒரு பையனுக்கு வெள்ளை பூசி நிறுத்திவிடலாம். (அந்த இடம் ரோமில் இன்றும் இருக்கிறது. இடிபாடுகளுக்குள் பூனைகள் குடியிருக்கின்றன.)

பின்னணியில் மணியடிக்கும் கடிகாரம் வேண்டாம். சூரிய உதயத்திலிருந்து மறையும் வரை 12 பங்கு, அதுதான் அவர்கள் மணிக்கணக்கு. சீசர் அன்று வீட்டைவிட்டுக் கிளம்பியது ஐந்தாம் மணிவாக்கில், நம் கணக்கில் காலை பதினொன்றை ஒட்டி. யாரும் ‘ஆகஸ்ட்’ என்றும் சொல்லக் கூடாது. அந்த மாதத்துக்கு அப்போது செக்ஸ்டிலிஸ் என்று பெயர்.

விருந்துக் காட்சி நல்ல யோசனை. கொலைக்கு முந்தைய இரவு, சீசரின் கூட்டாளி லெப்பிடஸ் வீட்டு விருந்தில், எப்படிப்பட்ட சாவு நல்லது என்று பேச்சு வந்தபோது ‘எதிர்பாராமல் வருவது’ என்றாராம் சீசர். இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்தபடி, வலது கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். முள்கரண்டி கிடையாது. முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடியும். தட்டில் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் இருக்கக் கூடாது. இவை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, அத்தி, திராட்சை போதும். மீனை உப்பில் ஊறவைத்து வடித்த ‘கரும்’ என்ற சாற்றை எதிலும் ஊற்றிக்கொள்வார்கள். கருவாட்டு மணம் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தலைமையாசிரியரின் மிளகு வியாபாரிக்கு இந்த நாடகத்தில் இடமில்லை. மிளகு ரோமுக்குத் தெரிந்த பொருள்தான், ஆனால் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அகஸ்டஸ் கி.மு. 30-ல் எகிப்தைப் பிடித்த பிறகுதான் செங்கடல் வழியாகக் கப்பல்கள் பெரிய எண்ணிக்கையில் வரத் தொடங்கின. ஒரே துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பியதாக அக்காலக் கிரேக்க நிலவியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல்களை முசிறியில் பார்த்தவர்கள் சங்கப் புலவர்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு அதையே தனி நாடகமாகப் போடலாம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி கொலை. ஆண்டனி பலசாலி என்பதால் சதிகாரர்களில் ஒருவரான டிரெபோனியஸ் அவரை வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்திவிட்டார். உள்ளே டில்லியஸ் கிம்பர் மனு கொடுப்பதுபோல் வந்து, சீசரின் டோகாவைத் தோளோடு பிடித்து இழுத்தார். ‘இது வன்முறை!’ என்று சீசர் கத்தினார். அப்போதுதான் காஸ்காவின் முதல் குத்து. சீசர் அவர் கையைப் பிடித்து, எழுத வைத்திருந்த இரும்பு எழுத்தாணியால் குத்தினார். இதைத் தவறவிடாதீர்கள், 55 வயது பழைய படைத்தளபதி, சும்மா நின்று சாகவில்லை. நெரிசலில் சதிகாரர்களே ஒருவரை ஒருவர் கீறிக்கொண்டார்கள், புரூட்டஸுக்குக் கையில் காயம். மொத்தம் 23 குத்துகள். உயிரைப் பறித்தது மார்பில் விழுந்த ஒன்றுதான் என்று உடலைப் பார்த்த மருத்துவர் அந்திஸ்தியஸ் சொன்னார்.

‘நீயுமா, புரூட்டஸ்?’ வேண்டுமா என்று யோசிப்பீர்கள். சீசர் ஒரு முனகலோடு சரி, ஒன்றும் பேசவில்லை என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். கிரேக்க மொழியில் ‘நீயுமா, குழந்தாய்?’ என்று கேட்டதாகச் சிலர் சொல்வதையும் குறித்து வைத்திருக்கிறார். நான் என்றால் அந்தக் ‘குழந்தாய்’ வசனத்தை வைத்துக்கொள்வேன். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எதிர்பார்த்து வருகிற வரியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் தனியாகக் காதில் விழும்.

சிவப்புச் சாயப் பொட்டலம் எதுவும் தேவையில்லை. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் சீசர் டோகாவை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார். விழும்போது கால் தெரியக் கூடாதென்று இடது கையால் துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். உங்கள் மாணவன் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும்.

ஆண்டனியின் இரங்கல் உரையை 20 நிமிடத்துக்குள் திணிக்காதீர்கள். குத்தியவர்கள் வெளியே ஓடிவிட, மற்ற செனட்டர்களும் சிதறிவிட, உடல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மூன்று அடிமைகள் வந்து பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடு திரையை இறக்கிவிடுங்கள்.