கோடை முகாமுக்குப் போகும் குதிரைகள்

கேள்வி: நான் குதிரை வளர்க்கிறேன். இந்தக் கோடையில் 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான முகாமுக்கு என் எட்டுக் குதிரைகளையும் கேட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் நடக்கும். குதிரைப் பராமரிப்பும் சவாரிக் கண்காணிப்பும் என் பொறுப்பு. குதிரைகள் சாதுவானவைதான், ஆனால் இத்தனை பிள்ளைகளோடு பழகியதில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஒரு குதிரை எவ்வளவு எடை சுமக்கலாம்?

பதில்: முகாம் நடத்துபவர்களிடம் முதலில் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். “இந்தக் குதிரை இன்று வெளியே வராது” என்று நீங்கள் சொன்னால், அதை யாரும் மாற்றக் கூடாது. பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள், பெற்றோர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் நெருக்குவார்கள். இடம் கொடுக்காதீர்கள். சாதுவான குதிரை உதைத்தாலோ கடித்தாலோ, அதற்கு எங்கேயோ வலிக்கிறது, களைத்திருக்கிறது அல்லது எதையோ கண்டு மிரண்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். இந்த மூன்றையும் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் பாதி விபத்து நடக்காது.

அதனால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே உங்கள் வேலை தொடங்கிவிட வேண்டும். இரவு வைத்த தீவனம் மீந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, லத்தி வழக்கம்போல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். கல் சிக்கியிருக்கலாம், லாடம் ஆடலாம். கால்களை மேலிருந்து கீழே தடவி, சூடும் வீக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகை விரல்களால் அழுத்தும்போது குதிரை நெளிந்தால் அன்று சேணம் கிடையாது. கடைசியாகக் கெட்டித் தரையில் மெல்லோட்டமாக ஓட்டிப் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். நடையில் தெரியாத நொண்டல் இதில் தெரிந்துவிடும்.

ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். முகாமுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொன்றுக்கும் எடுத்து எழுதி வையுங்கள். பொதுக் கணக்கைவிட, அந்தக் குதிரைக்கு வழக்கம் எது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

தீவனத்தில் தானியத்தைக் கூட்ட வேண்டாம். நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் தீவனம், அதில் பெரும்பகுதி காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோ குதிரைக்கு அது 8 கிலோ. குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் சின்னது, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. ஒவ்வாததோ அளவு மீறியதோ உள்ளே போனால் வயிற்றுவலிதான். முகாமில் இது எப்படி வரும் என்றால், ஆளாளுக்கு ரொட்டித் துண்டும் இனிப்பும் ஊட்டுவதால் வரும். கையால் ஊட்டினால் கடிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும். ஆசையாக ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் உங்களிடம் கொடுக்கச் சொல்லி, நீங்கள் தொட்டியில் போடுங்கள். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். முதல் சில நாட்களுக்கு உங்கள் புல்லையே எடுத்துப் போவது நல்லது.

குதிரை தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாதது எல்லாம் வயிற்றுவலியின் அடையாளங்கள். தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வலி மறைந்துவிட்டால் நோயின் போக்கு மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

எடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணம் 10 கிலோ என்றால் ஆளுக்கு 70. வயதான குதிரை, பழக்கம் விட்டுப்போன குதிரை, மேடு பள்ளமான தடம், கடும் வெயில் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலே நான் 15 சதவீதத்தோடு நிறுத்திவிடுவேன். ஒரு குதிரையில் இருவர் ஏறுவது எந்த நாளும் வேண்டாம்.

வேலை நேரம் காலையில் ஒன்றரை மணி, வெயில் தாழ்ந்தபின் ஒரு மணி. அதற்கு மேல் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைச் சுமக்க விடாதீர்கள். சமநிலை இல்லாத சவாரி, தேர்ந்தவர் சவாரியைவிட முதுகை அதிகம் நோகடிக்கும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. எட்டில் ஆறைத்தான் ஒரு நாளுக்குக் கணக்கில் எடுங்கள், இரண்டு மாற்றுக்கு இருக்கட்டும். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சாதாரணமாக 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடும். உப்புக்கட்டி எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல, தாராளமாகக் காட்டுங்கள். சேணத்தை இறக்கி, நிழலில் நிறுத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். கால் மணி நேரம் கழித்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சேணத்தை இறக்கியதும் முதுகைக் கவனியுங்கள். சுற்றிலும் வியர்வை இருந்து நடுவே ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே சேணம் அழுத்துகிறது. புண் வந்தபின் பார்ப்பதைவிட அந்த வறண்ட திட்டைப் பார்ப்பது மேல்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். முதல் நாள் சவாரி வேண்டாம், தரையில் நின்றே பழகட்டும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாக வரச் சொல்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை இழுத்தால் விரல் போய்விடும். கயிற்றை மடித்துப் பிடிக்கப் பழக்குங்கள். குதிரை அருகில் தரையில் உட்காரக் கூடாது. குளம்பு பார்க்கக் குனியலாம், மண்டியிடக் கூடாது. காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றுவது, பின்காலைத் தூக்கி வைப்பது எல்லாம் எச்சரிக்கை என்பதைக் குதிரையைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள்.

ஹெல்மெட் குதிரைச் சவாரிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இஎன் 1384 (EN 1384, ஐரோப்பியத் தரம்) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 (ASTM F1163, அமெரிக்கத் தரம்) தரக்குறி இருக்கிறதா பாருங்கள்; சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. குதிரையின் பக்கத்தில் நிற்கும்போதே வார் பூட்டியிருக்க வேண்டும். பலமாக விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். காலணிக்குச் சிறு குதிகால் வேண்டும், அது இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையம்) முழுசாகப் புகுந்து, விழும்போது பிள்ளை இழுபட்டுப் போகும். பிள்ளையைச் சேணத்தோடு கட்டிவைப்பது அதைவிட ஆபத்து. இறங்கும்போது இரண்டு பாதமும் அங்கவடியை விட்டு வெளியே வந்தபிறகே இறங்க வேண்டும். சேணத்தைக் குதிரையோடு இறுக்கும் வயிற்றுப்பட்டையை ஏறுமுன் ஒரு முறை, சிறிது நடந்தபின் மறுபடியும் இறுக்குங்கள். பல குதிரைகள் பூட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்திருக்கும். புதியவர்கள் வேலி போட்ட மைதானத்துக்குள்ளேயே நடைபோடட்டும், ஒரு குதிரைக்கு ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கட்டும். முன்னால் போகும் குதிரைக்கும் பின்னால் வருவதற்கும் நடுவே இன்னொரு குதிரை நிற்குமளவு இடைவெளி வேண்டும்.

யாராவது விழுந்தால் முதலில் மற்றக் குதிரைகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அப்புறம் பிள்ளையிடம் போங்கள். தூக்கி நிறுத்தாதீர்கள். தலையில் அடி என்றால், “எனக்கு ஒன்றுமில்லை” என்று பிள்ளை சொன்னாலும் அன்று சவாரி முடிந்தது. வாந்தி, குழப்பமான பேச்சு, அளவு மீறிய தூக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. குதிரை நிற்கும் மண்ணில் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கும், ஆகையால் பிள்ளைகளுக்கும் குதிரைகளுக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முகாமுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கூட்டத்துக்குப் பழகாதது பற்றிச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு வாரம் முன்பே தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூப்பிட்டுக் குதிரைகளைச் சுற்றிப் பேசவும், பந்து உருட்டவும், குடை விரிக்கவும் செய்யுங்கள். பிறகும் மிரளும் குதிரை முகாமுக்கு வரலாம், ஆனால் அதைத் தேய்த்துவிடவும் தீவனம் வைக்கவும் கற்றுக்கொடுக்க மட்டுமே பயன்படுத்துங்கள். எட்டில் விதை நீக்காத ஆண் குதிரை இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு ஏழோடு போங்கள்.