சீன நுழைவுத் தேர்வில் ஆங்கில வாசிப்புப் பகுதிக்கு எப்படித் தயாராவது?

சொல்லெல்லாம் தெரிந்தும் காவோகாவோவில் (சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) வாசிப்பு மார்க் ஏன் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். வாசிப்புக்கு மட்டும் 50. ஏ முதல் டி வரை நாலு உரைப்பகுதிகள், 15 கேள்விகள், தலா 2.5. மிச்சம், ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொருத்தி இடைவெளி நிரப்புவது.

'ஏ' பெரும்பாலும் அறிவிப்பு, சுற்றுலாத் தகவல் மாதிரி. கேள்வியைப் படித்துவிட்டுத் தேடினால் போதும். ஆளை விழுங்குவது 'டி'தான். உரையில் "சிலர்" என்றிருக்கும், தவறான விடையில் "எல்லோரும்" என்று வரும்; மற்ற சொற்கள் அப்படியே இருப்பதால் கை அங்கேதான் போகும். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் ஒளிந்திருக்கும்.

பழைய வினாத்தாளைப் போடும்போது, மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று உரையின் வரியைக் காட்டி எழுதுங்கள். தினம் பத்து உரைகளை ஓட்டுவதைவிட ஒன்றை இப்படிப் பிரித்து மேய்வது மேல். கடிகாரம் வைத்துப் படிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.