சாய்ந்த தென்னையும் பேச்சு நின்ற இரு வீடுகளும்

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே எங்களுடையது ஓட்டு வீடு. கஜா புயலில் சாய்ந்த பக்கத்து வீட்டுத் தென்னை இன்னமும் எங்கள் கூரையின் மேல் நிற்கிறது. “காய்க்கிற மரத்தை எப்படி வெட்டுவது?” என்கிறார் அந்த வீட்டுப் பெரியவர். இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை. பணம் கொடுத்தால் காவல் நிலையத்தில் சொல்லி வெட்டவைப்பதாக ஒருவர் கூறுகிறார். கொடுக்கலாமா?

வழக்கறிஞர் பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மரத்தை அகற்ற ஆணையிடும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. “எஸ்.ஐ. நமக்கு வேண்டியவர்” என்று வருபவர்கள் உங்களிடம் வாங்கிய கையோடு, “உங்கள்மேல் புகார் வந்திருக்கிறது” என்று பக்கத்து வீட்டிலும் போய் வாங்குவார்கள், நான் பார்த்தவரை இரண்டு வீடுகள் நிரந்தரப் பகையாவது பெரும்பாலும் இவர்களால்தான். இரவில் தண்டில் துளையிட்டு மருந்து வைக்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அப்படிச் செய்தால் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம் உங்கள்மேல் வரும்.

விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு) கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ அவர் உரிமையாளருக்கு ஆணையிட முடியும். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, வருவாய் ஆய்வாளர் எழுதி, கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, “ஐயா கூட்டத்துக்குப் போயிருக்கிறார்” என்று இரண்டு வாய்தா தள்ளிப்போவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அண்ணாந்து பார்த்தாலே தெரிகிற சாய்வுக்கு இத்தனை கையெழுத்து எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே மனுவுக்கு முன், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள். “வெட்டுங்கள்” என்று தொடங்க வேண்டாம். மரத்தை எதிர்ப்பக்கம் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டவும், மரமேறியை ஒழுங்காக வரவழைத்துக் குலைகளை முற்றவிடாமல் இளநீராகவே இறக்கவும் கேளுங்கள். கூலியில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் எல்லைக்குள் நீண்ட மட்டையை, அவர் நிலத்தில் கால் வைக்காமல், உங்கள் பக்கம் நின்றே நீங்கள் வெட்டலாம். ஆனால் வெட்டிய மட்டை அவருடையது. உங்கள் முற்றத்தில் விழுந்த தேங்காயும் அவருடையது. உங்கள் ஓட்டை உடைத்துக்கொண்டு விழுந்த காயாக இருந்தாலும் காய் அவருக்கே. உடைந்த ஓட்டின் விலையை அவரிடம் கேட்பது வேறு கணக்கு. அந்தக் காயைச் சட்னிக்கு எடுத்துக்கொண்ட பிறகு நியாயம் பேசப் போனால் அவர் முதலில் எடுப்பது அந்தப் பேச்சைத்தான். பொறுக்கி வைத்து, கூடையோடு கொடுத்தனுப்புங்கள்.

அதற்கும் இணங்காவிட்டால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். கட்டணம் கிடையாது, 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அந்தக் குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. கோட்டாட்சியர் மனுவையும் அதே வாரத்தில், மரத்தின் சாய்வும் உங்கள் கூரையும் ஒன்றாகத் தெரியும் புகைப்படத்துடன் கொடுத்து, நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். “நான் கொடுத்துவிடுகிறேன்” என்று வாசலில் கை நீட்டுபவரிடம் மனுவைத் தராதீர்கள்.