பகல் குறையும்போது தோட்டம்: வாசகர் கேள்விகள்

ஆடியில் பந்தலேறிய அவரை காடாக மண்டிக் கிடக்கிறது. புரட்டாசி முடியப்போகிறது, ஒரு பூகூட இல்லை. வெட்டிவிடலாமா? (பாகூர்)

வெட்டாதீர்கள்! நாட்டுப் பந்தல் அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். நம் பக்கம் ஜூனில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பர் கடைசியில் 11 மணி 25 நிமிடம். இந்த வித்தியாசம் நமக்கு உறைக்காது, அவரைக்கு அதுவே போதும். கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூவெடுக்கும், தை தாண்டியும் பறிக்கலாம். யூரியாவை மட்டும் நிறுத்துங்கள், இலைதான் பெருகும். பந்தல் மேல் ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள். பனி இறங்கியதும் கொழுந்திலும் பூங்கொத்திலும் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பும். அப்பிய நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

தண்டுக்கீரை சாண் உயரத்திலேயே பூத்துவிடுகிறது. விதை சரியில்லையா? (கடலூர் முதுநகர்)

விதையைக் குறை சொல்ல வேண்டாம். பகல் குறைந்தால் கீரையும் சீக்கிரம் பூக்கும். மார்கழியில் நெருக்கமாகத் தூவி, 25 நாளில் முளைக்கீரையாகப் பிடுங்கிவிடுங்கள்.

ஐப்பசியில் நட்ட தக்காளி மஞ்சளாகிறது. குளிர் தாங்கவில்லையா, உரம் போடவா? (நெல்லிக்குப்பம்)

குளிரே இன்னும் வரவில்லையே! ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரத்தில் செடியைக் கெடுப்பது மேகமூட்டமும், வேரில் தேங்கும் தண்ணீரும்தான். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட ஊரில் சமதரையில் தக்காளி நடவே கூடாது என்பேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, உருவினால் தோல் கையோடு வந்தால் அது அழுகல். உரம் போட்டுப் பயனில்லை. வேர் வெள்ளையாக இருந்தால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, ஈரம் குறைந்ததும் மண் அணையுங்கள், தேறிவிடும். அடுத்த முறை ஓரடி உயரப் பாத்தி கட்டி, கார்த்திகைக் கடைசியில் நடுங்கள். தையில் ராத்திரி வெப்பம் 21 டிகிரியை ஒட்டி இறங்கும்போது பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். கோடையில் பூ கொட்டுவதற்கு இரவுப் புழுக்கமும் ஒரு காரணம்.

மாடியில் காலிஃபிளவர் வருமா? (முத்தியால்பேட்டை)

வெப்பம் தாங்கும் முன்பருவ ரகம் என்றால் வரும். பின்பருவ ரகத்துக்கு நம் குளிர் போதாது, இலையோடு நின்றுவிடும். ஐப்பசியில் மழை படாத இடத்தில் குழித்தட்டில் விதைத்து, நாலைந்து வாரத்தில் தொட்டிக்கு மாற்றுங்கள்.