கைக்குழந்தையும் கக்குவான் இருமலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏழு வாரம். ஆறாம் வாரத்து ஊசியும் போட்டாயிற்று. இரண்டு நாள் மூக்கடைப்பும் லேசான இருமலும்தான் இருந்தன. மூன்றாம் நாள் பால் குடிக்கும்போதே உதடு நீலம் பூத்து மூச்சு நின்றுவிட்டது. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். கக்குவான் என்கிறார்கள். சிறு வயதில் என் தம்பிக்கு வந்தபோது கேட்ட கூவல் சத்தம் இவனிடம் இல்லவே இல்லை. இருமலை நிறுத்த மருந்து கொடுக்கவில்லை, தொடவும் விடவில்லை, அவன் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். மூன்று வாரமாக எனக்கும் இருமல் இருக்கிறது. என்னால்தான் வந்ததா?
— ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடுக்கடுக்காக இருமி முடித்த பிள்ளை, குறுகிய தொண்டை வழியாக மூச்சை வேகமாக உள்ளே இழுப்பதால் அந்தக் கூவல் எழுகிறது. அப்படி இழுக்கும் வலு மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. இருமல்கூட இல்லாமல் திடீரென்று மூச்சு நின்று, இதயத் துடிப்பு குறைந்து, முகம் நீலமாவதே அந்த வயதில் முதல் அறிகுறியாக வரக்கூடும். சத்தம் இல்லாததால் நோய் லேசானது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வயதில் ஆபத்து ஓசையில்லாமல்தான் வருகிறது.

தொட விடாததற்கும் காரணம் இதுவே. ஊசி குத்துதல், சளி உறிஞ்சுதல், துணி மாற்றுதல் என ஒவ்வொரு தொந்தரவும் ஓர் இருமல் அடுக்கைக் கிளப்பிவிடலாம். அது ஓய்ந்ததும் களைத்துப் போன குழந்தை மூச்சுவிடவே மறந்துபோகலாம். ஆகவே செவிலியர்கள் வேலைகளையெல்லாம் ஒருசேர முடித்துவிட்டு, விளக்கைக் குறைத்து, அவனை அமைதியாகத் தூங்கவிடுகிறார்கள். தாய்ப்பாலை மூக்குக் குழாய் வழியே சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். மூச்சும் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் ஒரு கணமும் விடாமல் திரையில் பதிவாகின்றன. மூச்சு திரும்பத் திரும்ப நின்றால் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்துவார்கள். மூச்சு நிற்பது மட்டுமே சிக்கலாக உள்ள குழந்தைகள் பெரும்பாலும் அந்தக் கருவியின் துணையோடு தேறிவிடுகிறார்கள். நிமோனியாவும் சேர்ந்துகொண்ட குழந்தைகளுக்கே கூடுதல் அச்சம்.

கிருமியை அழிக்க அசித்ரோமைசின் என்ற மருந்தை ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். அது கிருமியைக் கொன்று, பிறருக்குப் பரவுவதைத் தடுக்கும். ஆனால் கிருமி முன்பே கக்கிவிட்ட நச்சை அதனால் திரும்ப எடுக்க முடியாது. நச்சின் வேகம் தானாகத் தணியும்வரை குழந்தையை உயிரோடு தாங்கிப் பிடிப்பதே தீவிர சிகிச்சையின் வேலை. மருந்து கொடுத்தும் இருமல் நிற்கவில்லையே என்று நீங்கள் கலங்க வேண்டாம். அது வாரக் கணக்கில் நீடிக்கும் இயல்புடையது.

இனி ரத்தம் மாற்றியதைப் பற்றிச் சொல்கிறேன். ரத்தத்திலிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குள் போக வேண்டிய வெள்ளை அணுக்களை இந்த நச்சு போகவிடாமல் தடுக்கிறது. அவை ரத்தத்திலேயே தேங்குகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 20,000-க்குள் இருக்க வேண்டிய எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டி, சில குழந்தைகளில் ஒரு லட்சத்தையும் கடந்துவிடுகிறது. கெட்டியாகிப்போன அந்த ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போது, அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் உடம்பில் சேராது. அதனால்தான் மருத்துவர்கள் வெள்ளை அணுக்களை நாளில் பலமுறை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை வேகமாக ஏறி, தூங்கும் குழந்தையின் துடிப்பும் நிமிடத்திற்கு 170, 180 என்று நிற்குமானால் காத்திருக்க நேரமில்லை. நான்கு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 320 மில்லிலிட்டர் ரத்தம்தான் இருக்கும். அதைச் சிறு அளவாக எடுத்து எடுத்து, கொடையாளியின் ரத்தத்தை அதே அளவு ஏற்றி, தேங்கிய அணுக்களைக் குறைக்கிறார்கள். இதயம் தளர்ந்து ரத்த அழுத்தம் விழுவதற்கு முன் செய்யப்பட்ட குழந்தைகளே அதிகம் பிழைத்திருக்கிறார்கள் என்பது மருத்துவர்களின் அனுபவம். ஆகவே உங்கள் பேரனுக்கு அதை நேரத்தோடு செய்திருந்தால், அதை நல்ல முடிவென்றே நான் கொள்வேன். ரத்தத்தை உடம்புக்கு வெளியே கொண்டுவந்து, இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் எக்மோ என்னும் இயந்திரம் கடைசி வழியாக உண்டு. ஆனால் பிற நோய்களில் தருமளவு பலனை அது கக்குவானில் தருவதில்லை.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். உங்களிடமிருந்து வந்திருக்கலாம். கைக்குழந்தைக்கு இந்நோய் பெரும்பாலும் வீட்டாரிடமிருந்தே வருகிறது. சிறு வயதில் போட்ட ஊசியின் காப்பும், நோய் வந்து போனதால் கிடைத்த காப்பும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவிடும்; பெரியவர்களுக்கு அது வெறும் விடாத இருமலாகத்தான் தெரியும். பேரனைத் தூக்கிக் கொஞ்சியது குற்றமாகாது. அந்த இருமல் கக்குவானாக இருக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே உங்களுக்குத் தெரிந்திருக்கும்? இனி நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டில் இருக்கும் எல்லோரும், ஊசி போட்டவர்கள் உட்பட, நோய் தொற்றாமலிருக்கக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். பேரன் வீடு திரும்பும்போது நோய் அங்கே காத்திருக்கக் கூடாது.

கேள்வி: இருமும் குழந்தைக்குக் கற்பூரவல்லிச் சாறும் தேனும் கொடுக்கலாமா? சாம்பிராணிப் புகை?
— ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். புகை எதுவானாலும் இருமலைக் கிளப்பும். கடையில் விற்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். நம் வீட்டு வைத்தியத்தின் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தை அடுக்கடுக்காக இருமினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஒருமுறை நீலம் பூத்து உடனே சரியாகிவிட்டாலோகூட, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வாசலில் நுழையும்போதே ‘மூச்சு நின்றது’ என்று சொல்லுங்கள். ‘சளி’ என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். பிறந்த பிறகு குழந்தைக்கு ஊசி போடுவார்களே, எனக்கு எதற்கு?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: நம் தென்னாப்பிரிக்காவில் குழந்தைக்கு இந்த ஊசி 6, 10, 14 வாரங்களிலும் பிறகு 18 மாதத்திலும் போடப்படுகிறது. முதல் ஊசி மட்டும் போதிய காப்பைத் தராது. மேலே எழுதிய ஆயாவின் பேரனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பிறந்தது முதல் அந்த ஊசிகள் வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியை உங்கள் ரத்தம் ஒன்றே நிரப்ப முடியும். கர்ப்ப காலத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள், நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. இங்கிலாந்தில் 2012-இல் கர்ப்பிணிகளுக்கு இதைத் தொடங்கியபோது, மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளிடம் பத்தில் ஒன்பது பங்கு காப்பு கிடைத்ததைக் கண்டார்கள். எதிர்ப்புப் பொருள் உருவாகிக் குழந்தையைச் சேர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், பிரசவம் நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது டெட்டனஸ் ஊசி மட்டும்தானா, கக்குவானுக்கும் சேர்ந்த ஊசியா என்று செவிலியரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: அதன் பெயர் டிடாப்.