நிறத்தை விடுங்கள், நடையைப் பாருங்கள்

கேள்வி: ஆறு மாதமாகக் கடற்கரையில் பறவை பார்க்கிறேன். சின்னப் பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். புத்தகப் படத்தோடு ஒத்துப்போவதில்லை. பறவைப் பெயர் சொல்லும் மொபைல் ஆப்பில் படத்தைப் போட்டால் ஒரே பறவைக்கு மூன்று பெயர் வருகிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. படத்தில் உள்ள செம்பழுப்பும் கறுப்பும் இனப்பெருக்க காலத்துக் கோலம். இனப்பெருக்கத்தை வடக்கே முடித்துவிட்டு வலசை வரும் பறவை, குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத்தான் இருக்கும். ஆகவே கொஞ்ச நாளைக்கு நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள்.

நாலடி ஓடி, சட்டென்று நின்று, உற்றுப் பார்த்து, ஒரு கொத்து கொத்தினால் உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடும் பறவை அது. அதனால்தான் பெரிய கண், குட்டை அலகு. குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளான். அலை பின்வாங்கும்போது துரத்திப்போய், அடுத்த அலை வந்ததும் விழுந்தடித்துத் திரும்பி ஓடுவது சாண்டர்லிங்.

அப்புறம் கால் நிறம். சிவந்த கால் என்றால் பவளக்காலி என்று எழுதிவிடுகிறோம். சரிதான், ஆனால் ரஃப் என்று ஒரு பறவை இருக்கிறது. அதன் கால் ஆரஞ்சாக இருக்கும், மஞ்சளாக இருக்கும், இளம்பறவைக்குப் பச்சையாகவும் இருக்கும். ஆண் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். பெண் அதைவிட நன்றாகச் சிறியது. ஒரே கூட்டத்தில் இரண்டும் நின்றால் இரண்டு இனம் என்றே நினைப்போம். பறக்கும்வரை காத்திருங்கள். இறக்கையின் பின்விளிம்பில் அகலமாகப் பளிச்சென்று வெள்ளை தெரிந்தால் பவளக்காலி. வால் அடியின் இரு பக்கமும் முட்டை வடிவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ரஃப். சேறு அப்பிய கால் எல்லாமே கறுப்புதான் என்பதையும் மறக்கவேண்டாம்.

காத்திருங்கள் என்றுதான் சொன்னேன், கிளப்பிவிடச் சொல்லவில்லை. படம் வேண்டும் என்று கூட்டத்துக்குள் ஓடிக் கலைக்கும் வழிகாட்டிகள் உண்டு. 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில், சுமார் 13,560 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் பறந்தது. அந்த மாதிரிப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் பறவையை ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதன் எரிபொருளைக் கரைக்கிறோம். இதே ஆட்கள்தான், காசு கொடுத்தவர் முகம் வாடக்கூடாது என்று ஏதாவது அரிய பெயரையும் சொல்லி வைப்பார்கள். எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆப்பிடம் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்க முடியாது.

ஓதம் ஏறும் நேரத்தில், வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். தண்ணீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

கடைசியாகச் சிறிய மணல் உப்புக்கொத்தி. பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லாததால் கெண்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து அதைப் பிரித்துவிடலாம். அத்தோடு நிம்மதியாக இருந்தோம். பறவை இனங்களின் பட்டியல் போடுகிறவர்கள் அதையும் சைபீரியா, திபெத் என்று இரண்டு இனமாக்கிவிட்டார்கள். குளிர்காலச் சாம்பலில் இவற்றைப் பிரிப்பது எங்களுக்கே நாக்குத் தள்ளுகிற வேலை. நீங்கள் ‘மணல் உப்புக்கொத்தி’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போங்கள்.