மீட்டர் சொல்வதும் மிதிகட்டை சொல்வதும்

பழைய கார் வாங்குவது, ஓட்டுவது, பராமரிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே மாடல் கார்கள் இரண்டு, ஏறத்தாழ ஒரே விலைக்கு வருகின்றன. இரண்டும் ஐந்து ஆண்டு பழையவை. ஒன்றில் மீட்டர் 24,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஆனால் சர்வீஸ் செய்ததற்கான காகிதம் எதுவும் இல்லை. மற்றது 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. குறைவாக ஓடிய வண்டியை எடுக்கும்படி வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கோப்போடு வருகிற வண்டியைத்தான் நான் எடுப்பேன். வீட்டாரின் ஆசை புரிகிறது. ஆனால் அந்த 24,000 உண்மையா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. மீட்டரைத் திருத்துவது இன்றைய டிஜிட்டல் கார்களில் பழைய காலத்தைவிட எளிது. திருத்துகிறவர் மீட்டரோடு நின்றுவிடுவார். வண்டியின் மற்ற பாகங்களைத் தொடமாட்டார். ஆகவே கிளட்ச், பிரேக் மிதிகட்டைகளின் ரப்பரைக் குனிந்து பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தாலோ, பழைய காரில் அந்த ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ காரணம் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு அமுங்கிப் போயிருப்பதும், ஸ்டீயரிங்கின் மேற்பகுதி பளபளப்பதும் இதே செய்தியைத்தான் சொல்கின்றன.

டயரையும் பாருங்கள். அதன் பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். காருடன் வந்த டயர்கள் கார் தயாரான தேதிக்குச் சற்று முந்தியவையாக இருக்க வேண்டும். 24,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் நான்கு டயர்களும் கார் வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு செய்யப்பட்டவையாக இருந்தால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் கழன்றன என்ற கேள்விக்கு விற்பவரிடம் ஒரு நல்ல பதில் இருக்க வேண்டும்.

சரி, மீட்டர் உண்மையே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் 24,000 என்றால் மாதம் 400 கிலோமீட்டர். அதாவது நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர், அதுவும் அநேகமாகச் சிறு சிறு ஓட்டங்களாக. இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் உண்டாகும் ஈரமும் எரியாமல் நழுவும் எரிபொருளும் ஆவியாகி வெளியேற வழியின்றி ஆயிலிலேயே தங்கி, அதன் தன்மையைக் கெடுக்கின்றன. அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஆயில் மாற்றத்துக்குக் கிலோமீட்டரோடு மாதக் கணக்கையும் சேர்த்து, எது முந்துகிறதோ அதைப் பின்பற்றச் சொல்கிறார்கள். ‘அதிகம் ஓடவில்லையே’ என்று இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் விடப்பட்ட கார்களைப் பார்க்கும்போது, 85,000 ஓடியவற்றின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

கோப்பையும் எடை பார்க்காமல் வாசியுங்கள். தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறுகின்றனவா, நடுவில் நீண்ட இடைவெளி உண்டா, ஆயிலோடு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் மாற்றப்பட்டனவா என்று பாருங்கள். 85,000 என்பது கிளட்ச், ஷாக் அப்சார்பர், சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் (வால்வுகளை உரிய நேரத்தில் இயங்கவைக்கும் பட்டை) ஆகிய பெரிய செலவுகள் நெருங்கும் கட்டம். அவை முடிந்திருந்தால் ரசீது இருக்கும். முடியாதிருந்தால் அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இன்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. காரைப் பார்க்கப் போகும் நாளில் நானே எதைச் சோதிக்க முடியும்?

பதில்: நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானட்டின் மீது கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் தெரியக்கூடிய ஏதோ ஒன்றை மறைக்க விற்பவர் முன்னதாகவே ஓடவிட்டிருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதில் தவறில்லை.

குளிர்ந்த இன்ஜின் முதல் சில விநாடிகளில் நிறையப் பேசும். கடகடவென்ற சத்தம் எழுந்து அடங்காமல் தொடர்ந்தால் டைமிங் செயினையோ வால்வையோ சந்தேகிக்கலாம். சைலன்சரில் நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது. வெள்ளை நிறத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். குளிரான காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்து, சில நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி. இன்ஜின் சூடேறிய பிறகும் அடர்த்தியாக, சற்றே இனிப்பு வாடையுடன் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் இன்ஜினுக்குள் கசிகிறது என்று பொருள். இன்ஜினின் தலைப்பகுதிக்கு (சிலிண்டர் ஹெட்) அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றும் வேலை வரும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு படிந்திருந்தால், குறுகிய ஓட்டங்களால் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம், கூலன்ட் கலந்ததாகவும் இருக்கலாம். மெக்கானிக் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். (ஒலிபெருக்கியின் தரத்தை விற்பவர் அதிகமாகப் புகழ்ந்தால் இன்னும் சீக்கிரம் நிறுத்துங்கள்.) மேல் கியரில் மிதமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள், இன்ஜின் சுழற்சி மட்டும் எகிறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. திறந்த இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். டக் டக் என்று ஒலி வந்தால் முன்சக்கர ஆக்ஸிலின் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் என்றால், பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றுங்கள். நீண்ட தயக்கமோ, முதுகில் தட்டுவது போன்ற உதறலோ இருக்கக் கூடாது. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தெளிந்த நீர் சொட்டுவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் கடந்து வந்த காரை மட்டும் கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

கேள்வி: வாங்கிய நாளில் டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மூன்றாம் நாள் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கியது. விற்றவரோ ‘என்னிடம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது’ என்கிறார். நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இப்போது வழியில்லை, அன்றைக்கு இருந்தது. அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி இணைப்பு (காரின் கணினியில் பதிவானதைப் படிக்க உதவும் செருகுவாய்), இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. சிறிய ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். அதே ஸ்கேனரால் ஒரு பொத்தானை அழுத்தி அழிக்கவும் செய்யலாம். ஆனால் அழித்தவுடன், கார் தன்னைத்தானே சோதித்து முடித்த பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அவை மீண்டும் நிறைவு பெற, குளிர்ந்த ஸ்டார்ட்டும் சீரான வேக ஓட்டமும் கலந்து பல நாள் ஓட வேண்டியிருக்கலாம். எனவே குறியீடு எதுவும் இல்லை, ஆனால் சோதனைகளில் பலவும் ‘நிறைவடையவில்லை’ என்று ஸ்கேனர் காட்டும் கார், அண்மையில் துடைக்கப்பட்ட கார். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படிக் காட்டும் என்பதால், விற்பவருக்கு விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்கலாம்.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் வைக்கும்போது அந்த இன்ஜின் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: விளக்கு நிலையாக எரிந்தால், காரும் இயல்பாக ஓடினால், ஓரிரு நாளில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். இன்ஜினில் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே சென்று, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்குகிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு ஸ்பார்க் பிளக்கிலோ இக்னிஷன் காயிலிலோ முடிந்திருக்க வேண்டிய செலவு பன்மடங்காகிவிடும்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை மிகவும் குறைவாக இருந்தால் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், எந்த விலைக்கும். இருக்கையைத் துவைத்துவிடலாம், ஆனால் வயர் இணைப்புகளுக்குள் புகுந்த சேற்றுநீர் மாதக்கணக்கில் மெதுவாக அரித்து, ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் பழுதைக் காட்டும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் தரையை ஒட்டியே இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம்வரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, சேற்றின் கோடு அங்கே அப்படியே நிற்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், முகப்பு விளக்குக்குள் நீர்த்தடம், இவற்றோடு மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியமும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

விபத்துக்குள்ளான கார்களைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். பம்பர் மாற்றியதும் கதவில் டிங்கரிங் செய்ததும் விலை பேசப் பயன்படும் சங்கதிகள், அவ்வளவுதான். காரின் அடிச்சட்டமான சேசிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். பானட்டையும் ஃபெண்டரையும் (முன்சக்கரத்தின் மேலுள்ள தகடு) பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருப்பது, தகடுகளுக்கு நடுவே இரு பக்க இடைவெளிகளும் ஒத்துப்போகாதது, கண்ணாடிகளில் பொறித்த தயாரிப்பு ஆண்டு ஒன்றில் மட்டும் வேறாக இருப்பது ஆகியவை மேலும் துருவிப் பார்க்கச் சொல்லும் தடயங்கள்.

கேள்வி: கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டைமிங் பெல்ட்டை மாற்றியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். பணம் பறிக்கப் பார்க்கிறாரோ என்று ஐயமாக இருக்கிறது.

பதில்: முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், அவர் சொல்வதே சரி. இந்தப் பெல்ட் அறுவதற்கு முன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு முறைவைத்து வந்து போகும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. முறையைக் காப்பது இந்தப் பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். கிலோமீட்டர் வரம்பும் ஆண்டு வரம்பும் காருக்குக் கார் மாறுவதால் உங்கள் கையேட்டைப் பாருங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டாலேயே சுழல்வதாக இருந்தால் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பாகத்தின் விலையைவிடப் பிரித்துச் சேர்க்கும் கூலிதான் அதிகம், அதை இருமுறை கொடுக்க வேண்டாம். உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். செயினுக்குக் குறித்த கால மாற்றம் பொதுவாகக் கிடையாது.

கேள்வி: தினமும் ஐந்து கிலோமீட்டர் அலுவலகம் போய்வர டீசல் கார் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அண்மைக்கால டீசல் கார்களின் புகைக்கரி வடிகட்டி, தன்னில் சேர்ந்த கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் அது நடக்காது. அடைத்துக்கொண்ட வடிகட்டி பெரிய செலவு. பெட்ரோல் காரைப் பாருங்கள்.

கேள்வி: போக்குவரத்து நெரிசலில் வெப்பமானியின் முள் சிவப்புக்கு ஏறியது. வீடு பக்கம்தானே என்று ஓட்டி வந்துவிட்டேன். இப்போது கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது.

பதில்: அந்தக் கடைசித் தூரம்தான் கெடுத்திருக்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் ஹெட் மிகைச் சூட்டில் நெளியும். நெளிந்தால் கேஸ்கெட் பிடிமானம் இழக்கும். வெளியே கசிவு எங்கும் தெரியாவிட்டால், கூலிங் சிஸ்டத்தை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது இறங்கியது என்றால் ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் காரணம் அதுவாகவே இருக்கலாம். இனி முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதுமாக வைத்து, பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். உள்ளிருக்கும் திரவம் அழுத்தத்தோடு பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

கேள்வி: பழைய காருக்குச் செலவு செய்துகொண்டே போகிறேன். எப்போது நிறுத்துவது?

பதில்: காரின் இன்றைய விலையோடு பழுதுச் செலவை ஒப்பிட்டுத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அது சரியான கணக்காகத் தோன்றவில்லை. வேறொரு கார் வாங்கினால் அடுத்த ஓராண்டில் கடன் வட்டி, காப்பீடு, விலை இறக்கம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பாருங்கள். இந்தக் காரின் ஓராண்டுச் செலவு அதற்குக் கீழே இருக்கும்வரை, பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் வைத்திருப்பதே லாபம். டயர், பிரேக் பேட், பேட்டரி ஆகியவை எந்தக் காரிலும் தேயும் பொருட்கள் என்பதால் அவற்றைப் பழுதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ சேசிஸிலோ துரு துளைத்துவிட்டது என்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்தவர் சொன்னால், கணக்குப் போடாமல் அந்தக் காரை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.